ராய்ஸ், நியூரம்பெர்க், பிரஷ்யா: பழைய ஜெர்மன் அரசுகளின் தங்கக் காசு சேர்க்க எதில் கை வைப்பது?

கேட்டவர்: தாலர்பெட்டி

வணக்கம் நண்பர்களே. ஜெர்மனியில் இருக்கிறேன். இதுவரை வெள்ளித் தாலர் மட்டும்தான் சேர்த்தது. இப்போது பழைய ஜெர்மன் அரசுகளின் தங்கக் காசுப் பக்கம் போகலாம் என்று எண்ணம். ஒரு விற்பனைப் பட்டியலில் மூன்று காசுகளைக் குறித்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, பிரஷ்யா 20 மார்க் 1888 ஏ, மூன்றாம் ஃபிரெடரிக். தங்க விலைக்குமேல் கொஞ்சம்தான் கூடுதல்.

இரண்டாவது, ராய்ஸ் என்ற சிற்றரசின் மூத்த கிளை, 20 மார்க் 1875 பி, இருபத்திரண்டாம் ஹைன்ரிஷ். எடை 7.95 கிராம், விட்டம் 22.5 மி.மீ. பின்புறத்தில் ‘20 மார்க்’ என்று முழுச் சொல்லாக இருக்கிறது. ஏலங்களில் போகும் விலையில் பாதிக்கும் கீழே கேட்கிறார்கள். ‘எடையும் தங்கமும் சரி, ஆகவே அசல்’ என்கிறார் விற்பவர்.

மூன்றாவது, நியூரம்பெர்க் ஆட்டுக்குட்டி டுகாட் 1700. எடை 3.38 கிராம். விவரத்தில் ‘ஹெங்கெல்ஷ்பூர், சேர் ஷோன்’ என்று போட்டிருக்கிறது.

எதை முதலில் வாங்கலாம்? எடை சரியாக இருந்தால் போதுமா? காசுக்குச் சேதம் வராமல் வீட்டிலேயே என்னென்ன சோதிக்க முடியும்? வரி விஷயத்தில் கவனிக்க வேண்டியது உண்டா?

---

அக்கசாலை

மூன்றும் மூன்று வெவ்வேறு உலகம். அதைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

1871 டிசம்பர் 4 சட்டத்தோடு தொடங்குவது ஒன்றுபட்ட ஜெர்மனியின் பேரரசுத் தங்கம். ஒரு பவுண்டு, அதாவது 500 கிராம் சுத்தத் தங்கத்தில் 139½ பத்து மார்க் காசு அடிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். வகுத்துப் பார்த்தால் 10 மார்க்கில் 3.584 கிராம், 20 மார்க்கில் 7.168 கிராம் சுத்தத் தங்கம். மாற்று 900, அதாவது ஆயிரத்தில் 900 பங்கு தங்கம். 20 மார்க்கின் மொத்த எடை 7.965 கிராம், 10 மார்க் 3.982, 1877–78இல் மட்டும் வந்த 5 மார்க் 1.991. நம் ஊர்ப் பவுன் என்ற சொல்லுக்கு மூலமான ஆங்கிலச் சவரன் 7.988 கிராம், 22 காரட். இரண்டையும் உள்ளங்கையில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சவரனில் தங்கம் 0.15 கிராம் கூட.

சேர்ப்பவர்களை இந்த வரிசை இழுப்பதற்குக் காரணம் வேறு. பின்புறத்தில் எல்லோருக்கும் ஒரே கழுகு, ‘டாய்ச்சஸ் ரைஷ்’ என்ற ஒரே எழுத்து. முன்புறம் மட்டும் அந்தந்த அரசுக்குச் சொந்தம். மன்னர் இருந்தால் அவர் தலை. ஹாம்பர்க், பிரேமன், லூபெக் போன்ற சுதந்திர நகரமென்றால் நகரச் சின்னம். பேரரசில் அரசுகள் 25. லிப்பே ஒன்றைத் தவிர மற்ற 24 பெயரிலும் தங்கம் வந்திருக்கிறது. லிப்பே வெள்ளியோடு நிறுத்திக்கொண்டது.

உங்கள் முதல் காசைத் தயங்காமல் வாங்குங்கள். மூன்றாம் ஃபிரெடரிக் ஆண்டது 1888 மார்ச் 9 முதல் ஜூன் 15 வரை, வெறும் 99 நாள். அப்படியும் பெர்லினில் அவர் முகத்தோடு 20 மார்க் லட்சக்கணக்கில் அடித்தார்கள். அதனால் வரலாறு பெரிது, விலை சிறிது. அதே 1888இல் தந்தை முதலாம் வில்ஹெல்ம், மகன் இரண்டாம் வில்ஹெல்ம் பெயரிலும் 20 மார்க் உண்டு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது தொடங்குபவருக்கு நல்ல முதல் இலக்கு. ஜெர்மன் காசுகளுக்கான யேகர் விவரப் பட்டியலில் 246, 248, 250 என்று தேடுங்கள்.

முத்திரை எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுங்கள். இவை அக்கசாலையைத்தான் சொல்லும், அரசை அல்ல. ஏ பெர்லின், பி ஹனோவர், சி பிராங்க்ஃபர்ட், டி மியூனிக், ஈ டிரெஸ்டன், எஃப் ஷ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூஹ, எச் டார்ம்ஷ்டாட், ஜே ஹாம்பர்க். இதில் ஹனோவர் 1878இல் மூடியது, டார்ம்ஷ்டாட் 1882இல். ஹாம்பர்க் 1875இல்தான் திறந்தது. 1887இல் டிரெஸ்டன் அக்கசாலை முல்டன்ஹூட்டனுக்குப் போனது, எழுத்து அதே ஈ. ஆக 1885 பி என்றோ 1873 ஜே என்றோ ஒரு தங்கக் காசு வந்தால் அதற்குமேல் பார்க்க எதுவுமில்லை.

இந்தப் பட்டியலை 1871க்கு முந்தைய காசில் ஒட்டவைக்காதீர்கள். இரண்டாம் ஃபிரெடரிக் காலத்துப் பிரஷ்யத் தங்கத்தில் பி என்றால் அது பிரெஸ்லாவ்.

---

விளிம்பெழுத்து

ராய்ஸ் காசைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பணம் போகப்போவது அங்கேதான்.

விற்பவர் சொன்ன ‘எடையும் தங்கமும் சரி, ஆகவே அசல்’ என்ற வாதத்தில் ‘ஆகவே’ தவறு. சிற்றரசுக் காசுகளின் போலிகள் பித்தளையில் வருவதில்லை. 900 மாற்றுத் தங்கத்திலேயே, சரியான எடையில், சரியான விட்டத்தில் அடித்தவை சந்தையில் நிறைய. காரணம் எளிது. சாதாரணப் பிரஷ்யக் காசு ஏறக்குறைய தங்க விலைக்கே போகும். அதே அளவு தங்கத்தில் ஒரு குட்டி அரசின் தலையை அடித்தால் பல மடங்கு கிடைக்கும். போலிக்காரன் திருடுவது தங்கத்தை அல்ல, அரிதென்ற பெயரை. ராய்ஸ் மூத்த கிளையின் 20 மார்க் இந்த ஒரே ஆண்டில், சுமார் 1,500 எண்ணிக்கையில் மட்டும் அடித்தது. பாதி விலைக்கு அது தானாக உங்களைத் தேடி வராது.

சரி, எப்படிப் பார்ப்பது?

முதல் சல்லடை, வகை. 1871–73 காசுகளில் மதிப்பு ‘20 எம்.’ என்று ஓர் எழுத்தும் புள்ளியுமாக இருக்கும். 1874 முதல் ‘20 மார்க்’ என்று முழுச் சொல். கழுகு இரண்டிலும் சிறியது. 1890 வாக்கில் பெரிய கழுகு வருகிறது. வகையும் ஆண்டும் பொருந்தாத காசை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். உங்களுடையதில் 1875, பி, முழுச் சொல் மூன்றும் பொருந்துகின்றன. முதல் சல்லடையில் தேறிவிட்டது. ஆனால் இது கவனக்குறைவான போலியை மட்டுமே பிடிக்கும்.

இரண்டாவது, இரு பக்கத்தின் நிலை. பேரரசுக் காசுகளில் தலையும் கழுகும் ஒரே திசையில் நிமிர்ந்திருக்கும். காசின் மேலும் கீழும் பிடித்துக்கொண்டு பம்பரம்போல் பக்கவாட்டில் திருப்பினால் கழுகு நேராக நிற்க வேண்டும். தலைகீழாகவோ நன்றாகச் சாய்ந்தோ இருந்தால் சந்தேகம்தான்.

மூன்றாவது, விளிம்பு. 20 மார்க்கில் ‘கோட் மிட் உன்ஸ்’, அதாவது கடவுள் நம்மோடு, என்று உள்ளழுந்திய எழுத்தும் இடையிடையே அலங்காரமும் இருக்கும். 10 மார்க்கில் எழுத்து கிடையாது, கொடியும் நட்சத்திரமுமான அலங்காரம் மட்டும். 10 மடங்கு லென்ஸில் எழுத்தின் ஓரங்களைப் பாருங்கள். அசலில் ஓரம் கூராக, அடித்தளம் சமமாக இருக்கும். போலியில் எழுத்து ஈர மண்ணில் விரலால் எழுதியதுபோல மழுங்கியிருக்கும், சில இடத்தில் ஆழம் குறைந்து மறையும். எழுத்து எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது காசுக்குக் காசு மாறும்.

நான்காவதுதான் முக்கியம்: கழுகு. பின்புறம் எல்லா அரசுக்கும் பொது என்று அக்கசாலை மேலே சொன்னாரே, அதுதான் நம் கையில் இருக்கும் உரைகல். ஐயத்துக்கு இடமில்லாத பிரஷ்யா 20 மார்க் 1874 பி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமிராது. அதே ஹனோவர், அதே வகைக் கழுகு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே விளக்கின் சாய்வான வெளிச்சத்தில், கழுகின் மார்புக் கேடயத்திலிருந்து தொடங்கி இறகு இறகாக ஒப்பிடுங்கள். அசலில் இறகுத் தண்டு தனிக் கோடாக எழும்பி நிற்கும், கேடயத்துக்குள் இருக்கும் குட்டிக் கழுகுக்கும் நகம் தெரியும். போலியில் இறகுகள் அடிப்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டி வழியும். அடுத்து வெறும் பரப்பு. குண்டூசித் தலையைவிடச் சிறிய புடைப்புகள் எழுத்துகளுக்கு நடுவே இருந்தால், அது அசல் காசிலிருந்து நகலெடுத்த அச்சின் குறை. அச்சில் குழி விழுந்தால் காசில் புடைக்கும். கீறலோ தேய்மானமோ காசை உள்ளே தள்ளுமே தவிர வெளியே புடைக்கவிடாது. கடைசியாக ஓரத்துப் பல்வரிசை. பற்களுக்கு இடையே புழுப்போல நெளியும் மெல்லிய கோடுகள் இருந்தால், அச்சைப் பின்னால் கையால் சீராக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

இவை எல்லாம் தேறினாலும் இந்த விலைவகைக் காசைச் சான்றில்லாமல் வாங்கக் கூடாது என்பதே என் கருத்து.

ராய்ஸ் பற்றி ஒரு துணுக்கு. அந்தக் குடும்பத்தில் ஆண் பிள்ளை என்றாலே ஹைன்ரிஷ்தான், ஆட்சிக்கு வந்தாலும் வராவிட்டாலும் வரிசை எண் போய்க்கொண்டே இருக்கும். மூத்த கிளை நூறு வரை எண்ணிவிட்டுத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். இளைய கிளை நூற்றாண்டுதோறும் புதிதாக எண்ணும். அதனால்தான் இரண்டு கிளைக் காசும் பெயரில் குழப்பும். எண்ணை நன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

---

தாலர்பெட்டி

இருவருக்கும் நன்றி. ராய்ஸைத் தள்ளி வைக்கிறேன். நீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்க்கும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என்னிடம் 0.01 கிராம் காட்டும் தராசு உண்டு. அது போதுமா?

---

மாற்றுப்பார்வை

20 மார்க்குக்குத் தட்டுத்தடுமாறிப் போதும். டுகாட்டுக்குப் போதாது. கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

முறை இது. சிறிய கண்ணாடிக் குவளையில் அறை வெப்பத் தண்ணீரை ஊற்றித் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் காசைச் சுருக்குப் போட்டுக் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். நூலைக் கையில் பிடித்தால் ஆடும், ஒரு தாங்கியில் மாட்டுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் காசின் கன சென்டிமீட்டர். காற்றில் எடுத்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

900 மாற்றுத் தங்கம், மீதி செம்பு: சுமார் 17.2 முதல் 17.3. 986 மாற்று டுகாட்: சுமார் 19.0 முதல் 19.1.

20 மார்க் 7.96 கிராம், தராசு 0.46 காட்டினால் 17.30. 0.47 என்றால் 16.94, 0.45 என்றால் 17.69. கடைசி இலக்கம் ஒன்று புரண்டாலே இவ்வளவு ஆட்டம். தங்கமுலாம் பூசிய பித்தளையைப் பிடிக்க இது தாராளம். 900க்கும் 880க்கும் வித்தியாசம் காண முடியாது.

உங்கள் டுகாட் 3.38 கிராம். தராசு 0.18 என்றால் 18.78, 0.17 என்றால் 19.88. இதில் என்ன முடிவு செய்ய முடியும்? 0.001 கிராம் காட்டும் தராசென்றால் 0.177இல் 19.10, 0.178இல் 18.99. அதே காசு 900 தங்கமாக இருந்தால் 0.195 காட்டும். அப்போது சந்தேகமே இல்லை. ஆகவே டுகாட் வாங்குவதாக இருந்தால் மூன்று இலக்கத் தராசும் அதோடு ஒரு சோதனை எடைக்கல்லும் வாங்குங்கள்.

தவறு நேரும் இடம் மூன்று. காசின் எழுத்துகளுக்குள் ஒட்டும் காற்றுக்குமிழி கனஅளவைக் கூட்டிக் காட்டும், அடர்த்தி குறைந்து தெரியும். தண்ணீரில் ஒரே ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி நிற்காது. நூல் தடிமனாக இருந்தால் அதன் கனஅளவும் சேரும். மூன்றாவது, வளையம் பற்றவைத்த காசு. பற்றவைக்கப் போட்ட பொடியின் மிச்சம் அடர்த்தியைக் கீழே இழுக்கும்.

நகைக்கடைகளில் இருக்கும் எக்ஸ்ரே காரட் மீட்டர் காசின் மேல்தோலைத்தான் படிக்கும். தடிமனான முலாம் அதை ஏமாற்றும். அதில் வந்த எண்ணும் அடர்த்தியும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். உரைகல்லில் உரசவோ அமிலச் சொட்டு விடவோ யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நகைக்கு அது சரி. காசின் விளிம்பில் ஒரு உரசல் விழுந்தால் அது ஆயுளுக்கும் நிற்கும், அடுத்து வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எடைக்கு இன்னொரு அளவுகோல். 20 மார்க் அடிக்கும்போது சட்டம் அனுமதித்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் 2½ பங்கு, ஏறத்தாழ 0.02 கிராம். புழக்கத்தில் தேய்ந்தாலும் ஆயிரத்தில் ஐந்துக்குமேல் குறையக் கூடாது, அதாவது 7.925 வரை செல்லும். அதற்கும் கீழே இருந்தால், ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு விளிம்பில் பதில் தேடுங்கள்.

---

டுகாட்67

ஆட்டுக்குட்டி டுகாட்டைப் பற்றி யாரும் தொடவில்லையே. எனக்குப் பிடித்த காசு, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டுகாட்டின் அளவு 1559 ஆக்ஸ்பர்க் நாணயச் சட்டத்தில் வகுத்தது: ஒரு கொலோன் மார்க் எடையில் 67 காசு, மாற்று 23⅔ காரட். கொலோன் மார்க் 233.856 கிராம். வகுத்தால் 3.49. மாற்று 986. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு எத்தனையோ அரசுகள் இந்த அளவை விடாமல் வைத்திருந்தன. உங்கள் காசு 3.38. 0.11 கிராம் எங்கே போனது? விவரத்திலேயே பதில் இருக்கிறது: ஹெங்கெல்ஷ்பூர், வளையம் மாட்டிய தடம்.

நம் காசுமாலை நினைவுக்கு வரட்டும். அங்கேயும் டுகாட்டைக் கழுத்தில் அணிந்தார்கள், பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். இந்த ஆட்டுக்குட்டிக் காசு அப்படிப் பரிசுக்கென்றே ஓடிய காசு, அதனால் வளையத் தடம் இல்லாதது குறைவு. தடத்தை இப்படிப் பாருங்கள். காசை 12 மணி நிலையிலிருந்து விளிம்பு வழியே மெதுவாகச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் விளிம்பு தட்டையாகி, பளபளப்பு மாறி, மஞ்சள் சற்று வெளிறித் தெரியும். அது பொடி வைத்துப் பற்றவைத்து, பின்னால் வளையத்தை நீக்கி அரம் போட்ட இடம். கூடவே அந்த இடத்துக்கு நேர் கீழே எழுத்து மங்கியிருக்கிறதா, பரப்பு முழுதும் ஒரே சீராக மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் மெருகேற்றியிருக்கிறார்கள். தடம் மட்டும் என்றால் விலை குறையும், காசு காசுதான். தடமும் மெருகும் சேர்ந்தால் விட்டுவிடுங்கள்.

தடத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது யுஸ்டியர்ஷ்பூரன். எடை கூடிய வெற்று வில்லையை அடிப்பதற்கு முன்பே அக்கசாலையில் அரம் போட்டு எடை சரிசெய்த கோடுகள். இணையாக, பரப்பின் குறுக்கே ஓடும், உருவம் அவற்றின்மேல் ஏறி நிற்கும். அது பிறப்போடு வந்த அடையாளம், சேதம் அல்ல. கோடு உருவத்தின்மேல் ஓடினால் மட்டுமே பின்னால் வந்த கீறல்.

இப்போது காசு. ஒரு பக்கம் நியூரம்பெர்க்கின் மூன்று கேடயங்கள். மறுபக்கம் பூமி உருண்டையின்மேல் நிற்கும் ஆட்டுக்குட்டி, அது பிடித்திருக்கும் கொடியில் ‘பாக்ஸ்’, சமாதானம். சுற்றிலும் லத்தீன் வரி: ‘டெம்போரா நோஸ்ட்ரா பாட்டெர் டோனாட்டா பாக்கே கொரோனா’. தந்தையே, சமாதானத்தை அருளி எங்கள் காலத்துக்கு முடி சூட்டும் என்ற வேண்டுதல். இந்த வரியிலேயே ஆண்டு ஒளிந்திருக்கிறது. ரோம எண்ணாக வரக்கூடிய எழுத்துகளை மட்டும் பொறுக்குங்கள்: டெம்போராவில் எம், 1000, டோனாட்டாவில் டி, 500, பாக்கேயிலும் கொரோனாவிலும் ஒவ்வொரு சி, நூறு நூறு. கூட்டினால் 1700. வேறு ஒரு எழுத்துக்கும் எண் மதிப்பு வராதபடி வரியை அமைத்தவர் யாரோ, அவர் கெட்டிக்காரர்.

ஆனால் அந்த 1700ஐ அப்படியே நம்பாதீர்கள். இந்தக் காசுக்கு வரவேற்பு அதிகமாக இருந்ததால் 18ஆம் நூற்றாண்டு முழுவதும் அதே ஆண்டோடு மறுபடி மறுபடி அடித்தார்கள். அக்கசாலைத் தலைவரின் முதலெழுத்துதான் காலத்தைச் சொல்லும். ஜி எஃப் என் என்றால் கேயோர்க் ஃபிரீட்ரிஷ் நியூர்ன்பெர்கர், முதல் கட்டம். சி ஜி எல் என்றால் லாவுஃபர், ஐ எம் எஃப் என்றால் ஃபோர்ஸ்டர், இவை பிந்தியவை. மூன்றும் அக்கசாலையின் உண்மையான வெளியீடுகள்தான், விலைதான் மாறும். விற்பவரிடம் எந்த எழுத்து என்று கேளுங்கள். பட்டியலில் போடாவிட்டால் படம் கேளுங்கள்.

முழு டுகாட்டில் கை வைக்க மனமில்லையென்றால் இதே உருவத்தில் அரை, கால் என்று இறங்கி 1/32 டுகாட் வரை உண்டு. 1/32 என்பது 0.11 கிராம், சட்டைப் பொத்தானைவிடச் சிறிது. சதுர வடிவிலும் அடித்தார்கள், அதற்குக் கிளிப்பே என்று பெயர். சதுரத்தில் மூலைகள் முதலில் மடங்கும், நான்கையும் பார்த்து வாங்குங்கள்.

---

பத்துகிராம்

எல்லோரும் பேரரசுக் காசிலிருந்தே தொடங்கச் சொல்கிறீர்கள். கேள்வி ‘பழைய அரசுகள்’ பற்றியது. 1871க்குப் பிறகு வந்ததில் முன்புறம் மட்டும்தானே அரசுடையது? உண்மையான அரசுத் தங்கம் வேண்டுமென்றால் ஃபெரைன்ஸ்குரோன என்ற ஒன்றியக் குரோனைப் பாருங்கள் என்பேன்.

1857 வியன்னா நாணய ஒப்பந்தத்தில் வந்தது. 500 கிராம் சுத்தத் தங்கத்தில் 50 காசு, அதாவது ஒன்றில் சரியாக 10 கிராம் தங்கம். மாற்று 900, மொத்த எடை 11.11 கிராம். அரைக் குரோன் 5.55. ஹனோவர், பிரஷ்யா, சாக்ஸனி எல்லாம் அடித்தன. அதிகம் கண்ணில் படுவது ஹனோவர் மன்னர் ஐந்தாம் கேயோர்க் காசு. 1866இல் பிரஷ்யா அந்த நாட்டையே விழுங்கிவிட்டதால் வரிசை அங்கேயே முடிகிறது. ஒரு நாட்டின் கடைசித் தங்கம் கையில் இருக்கும்.

இந்தக் காசு மக்களிடம் எடுபடவில்லை. நாட்டின் பணம் வெள்ளி, இந்தத் தங்கத்துக்கு வெள்ளியில் நிலையான மதிப்பை ஒப்பந்தம் கொடுக்கவில்லை. அன்றாடச் சந்தை விலைதான். கடைக்காரர் எத்தனை தாலருக்கு எடுத்துக்கொள்வது என்று அன்றைக்கன்று பார்க்க வேண்டும். புழங்காத காசு தேயாது. அதனால் நல்ல நிலையில் கிடைக்கிறது, ஆனால் அடித்ததே கொஞ்சம், விலை அதற்கேற்ப இருக்கும்.

---

விளிம்பெழுத்து

பத்துகிராம் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் முதல் காசாக அதை நான் சொல்லமாட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது அசலை மலிவாக வாங்க முடியாது என்பதுதான் சிக்கல். பேரரசுக் காசில் தங்க விலைக்கே ஆறு அசலை வாங்கிக் கண்ணைப் பழக்கலாம். கண் பழகிய பின் குரோனுக்குப் போகட்டும்.

அதைவிட எச்சரிக்கை வேண்டியது பிஸ்டோல் என்ற பழைய தங்கக் காசு வகையில். பிரஷ்ய ஃபிரெடரிக்டோர் ஒரு கொலோன் மார்க் எடையில் 35 காசு, 6.68 கிராம். சாக்ஸனியின் ஆகஸ்ட்டோரும் அதே தரத்தில் வர வேண்டியது. ஆனால் ஏழாண்டுப் போரில் பிரஷ்யா லைப்சிக்கைப் பிடித்துக்கொண்டு, சாக்ஸனி மன்னர் தலையையே போட்டு மாற்றுக் குறைந்த ஆகஸ்ட்டோரை அடித்தது. 1758 என்ற ஆண்டைப் பார்த்தால் உடனே அடர்த்தி எடுங்கள். வரலாற்றில் அதுவும் உண்மையான காசுதான், அதற்கென்று சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஆகஸ்ட்டோர் விலைக்கு அதை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

---

ரைன்மணல்

இடையில் ஒன்று. காசிலேயே தன் மாற்றைச் சொல்லும் டுகாட் பாடன் அரசின் ரைன் தங்க டுகாட். ‘ரைன் தங்கத்தில் ஒரு டுகாட், 22 காரட் 6 கிரேன்’ என்று பின்புறத்தில் எழுதியிருக்கும். அதாவது 22½ காரட், மாற்று 937½. ஆற்று மணலில் அரித்த தங்கத்தில் இயற்கையாகவே வெள்ளி கலந்திருக்கும். அதைப் பிரிக்காமல் அப்படியே அடித்து, மாற்றையும் ஒளிக்காமல் போட்டார்கள். மாற்றுக் குறைவை ஈடுகட்ட எடை 3.49க்குமேல், 3.7 அருகே இருக்கும். ஆகவே ‘டுகாட் என்றால் 3.49, 986’ என்று நினைத்து இதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பவேரிய முதலாம் லூட்விக்கின் ரைன் டுகாட்டில் ஷ்பையர் நகரமும் பேராலயமும் தெரியும். இரண்டும் விலை உயர்ந்தவை, பார்த்துப் பழக பெர்லின் அருங்காட்சியக நாணயப் பிரிவின் இணையப் பட்டியல் இருக்கிறது. எடை, விட்டம், இரு பக்க நிலை எல்லாம் தருகிறார்கள்.

---

அக்கசாலை

வரிக் கேள்வி விட்டுப்போனது.

1800க்குப் பின் அடித்தது, மாற்று 900க்குக் குறையாதது, பிறந்த நாட்டில் சட்டப்படி செல்லுபடியானது, விற்கும் விலை தங்க மதிப்பைவிட 80 சதவீதத்துக்குமேல் போகாதது: இந்த நான்கும் பொருந்தும் காசு முதலீட்டுத் தங்கம், விற்பனை வரி இல்லை. உங்கள் 1888 ஏ அதில் வரும். 1700 டுகாட் வராது. பழங்காசு விற்பவர்கள் பெரும்பாலும் தங்கள் லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையில் விற்பார்கள். ரசீதில் வரி தனியாகத் தெரியாது, விலைக்குள் அடங்கியிருக்கும். ஏலமென்றால் ஏலம் முடிந்த விலைக்குமேல் வாங்குபவர் கட்டணம் 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். அதைக் கூட்டிய பிறகே ‘மலிவு’ என்று சொல்லுங்கள். தனிநபராக வாங்கி ஓராண்டுக்குமேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு வருமான வரி இல்லை. அதற்கு வாங்கிய தேதி தெரிய வேண்டும், ரசீதைக் காசோடு சேர்த்து வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்து அடையாள அட்டை காட்டாமல் வாங்குவது 2020 முதல் 2,000 யூரோவுக்குக் கீழேதான்.

நிலை குறிக்கும் சொற்களில் ஒரு எச்சரிக்கை. ‘சேர் ஷோன்’ என்றால் அகராதியில் மிக அழகு. காசு மொழியில் அது நடுத்தரம், நன்றாகப் புழங்கியது. அதற்குமேல் ஃபோர்சூக்லிஷ், அதற்கும்மேல் ஷ்டெம்பெல்கிளான்ஸ். வெறும் ‘ஷோன்’ என்றால் உருவம் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது.

வைத்திருப்பதில் பெரிய வேலை இல்லை. பிவிசி உறை வேண்டாம், அது பிசுபிசுப்பை விடும். ஏற்கெனவே பிசுபிசுப்பு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் போட்டு எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நகப்பூச்சு நீக்கி ஆகாது, அதில் எண்ணெய் கலந்திருக்கும். சன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள். 900 மாற்றுக் காசில் செந்நிறப் புள்ளி தெரிந்தால் அது செம்பு, துடைக்காதீர்கள். டுகாட் மெல்லிசு, கிட்டத்தட்ட சுத்தத் தங்கம். விரலால் அழுத்தினாலே வளையும். வளைந்ததை நிமிர்த்தினால் அலை நிற்கும். மேசையில் மெத்தென்ற துணி விரித்து, விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

---

தாலர்பெட்டி

தெளிவாகிவிட்டது. 1888 ஏ வாங்குகிறேன், கூடவே 1874 பி ஒன்றும் தேடுகிறேன். டுகாட்டில் முதலெழுத்து என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறேன், விளிம்பின் படமும் கேட்டிருக்கிறேன். ஐ எம் எஃப் என்று வந்தால் எடுக்கலாமா?

---

டுகாட்67

எடுக்கலாம், முதல் கட்டக் காசின் விலையைக் கொடுக்காமல். விளிம்புப் படத்தை 12 மணியில் எடுத்த ஒன்றோடு நிறுத்தாதீர்கள். 3, 6, 9 நிலைக்கும் கேளுங்கள். வளையத்தை ஆட்டுக்குட்டி நிமிர்ந்து தொங்கும்படி வைத்தவர்களும் உண்டு, மறுபக்கத்துக் கேடயம் நிமிரும்படி வைத்தவர்களும் உண்டு. சில காசில் இரண்டு தடம் இருக்கும், விவரத்தில் ஒன்றைத்தான் சொல்லியிருப்பார்கள். பத்து நாள் திருப்பித் தரும் உரிமையையும், அசல் என்ற உறுதியையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். காசு கைக்கு வந்த அன்றே மூன்று இலக்கத் தராசில் அடர்த்தி எடுத்து, எண்ணை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.